வயலில் நின்ற தண்ணீரும் மாமாவின் இலையும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர்களைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் தந்த உறவினர்கள், நான் எதையும் ஒழுங்காகச் செய்ததில்லை என்பதை மறந்திருக்க வேண்டும். துக்கத்தில் அது இயல்பு.

அண்ணன் பிறந்தது சங்கரன்கோவிலில். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மாவின் தம்பியாகிய மாமாதான் அண்ணனைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி விவசாயம் படிக்க வைத்தார்கள். படித்து முடித்து வந்த அண்ணன் முதல் வேலையாக எங்கள் குளத்துப் பாசன வயலில் எலும்புத்தூளைத் தூவினார்கள். நெல்லுக்கு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், வேண்டுமாம்.

எங்களுடையது வெங்காயத்தையே யோசித்துச் சேர்க்கும் சைவ வீடு. அறுப்பு முடிந்து புது அரிசி பொங்கி இலை போட்டபோது மாமா உட்காரவில்லை.

“ஏலே மருமவனே, எலும்புல வெளஞ்ச சோத்துக்கா என்னைய உக்காரச் சொல்லுதே?”

“அது மண்ணோட மண்ணாப் போயிட்டு மாமா.”

“நானுந்தான் ஒருநாள் போவேன். அதுக்காக என்னையும் பொங்கித் திங்கலாமா?”

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். சோற்றை மறுப்பது லேசான காரியமில்லை. படிக்க வைத்தவர் பசியோடு திரும்பிப் போனதை அண்ணனால் தாங்க முடியவில்லை.

அடுத்த சாகுபடியில் எலும்புத்தூளை விட்டுவிட்டு, வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி செய்தார்கள். “தண்ணி நின்னா சேத்துக்குள்ள காத்து போவாது மாமா. அங்கன இருக்க நுண்ணுயிரு மூச்சுக்கு இரும்பத் தேடிப் போவும். செம்மண்ணு இரும்பு பிடிச்சு வச்சிருக்க மணிச்சத்து அப்ப வெளிய வந்துரும். காயவிட்டா மறுபடியும் பிடிச்சுக்கிடும்.”

“நுண்ணுயிருன்னா அதுவும் உசுருதானல? யோசிச்சுச் சொல்லுதேன்.”

மாமா வருடக்கணக்கில் யோசித்தார்கள். வந்தால் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். அண்ணன் உத்தியோகத்துக்குப் போய்விட, வயலில் தண்ணீர் வற்றாமல் பார்க்கும் வேலை எனக்கு. நண்டு வரப்பைத் துளைக்கும், நான் அடைப்பேன். கண்ணுக்குத் தெரியாத எஜமானர்களுக்கு உழைத்து என் முதுகு போயிற்று. பயிர் மட்டும் குறையவில்லை.

அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகு என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. “வயல்ல தண்ணி நிக்குதாலே?”

“நிக்குது அண்ணே.”

“மாமா சாப்பிட்டாங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். அலுப்பில் அதுவும் வரவில்லை. “இன்னும் இல்லண்ணே.”

அண்ணன் போன பதினாறாம் நாள் மாமா தாமாகவே வந்து இலையின் முன் உட்கார்ந்தார்கள்.

“அந்த வயல் அரிசிதானல?”

“ஆமா மாமா.”

“போடச் சொல்லு.”

அண்ணனின் மனைவி, எங்கள் மதினி, பரிமாறினார்கள்.

கடைசிவரை வந்து பார்த்த டாக்டருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், முறை தவறாமல் தண்ணீர் விட்ட மடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று மாமா இரண்டாம் முறையும் சோறு வாங்கினார்கள். அதற்கான நன்றி மட்டும் அண்ணன் சொல்லவேண்டியது; அவர்களுக்குப் பதிலாக நான் இங்கே எழுதுகிறேன்.