குங்குமப்பூப் பாலும் இரும்பு மாத்திரையும்

துருப்பிடித்த ஆணியைச் சப்பினால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த மாத்திரையின் ருசி. அதை விழுங்க, ஆடை மிதக்கும் சூடான குங்குமப்பூப் பால்… இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது.

என் மகள் யாமினி வயிற்றில் இருந்த சமயம். நத்தத்தில் பிறந்து திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை.

ஐந்தாம் மாதம் டாக்டர் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. இரும்பு மாத்திரைய ஒரு நாளும் விடாமப் போடணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் போட்டா பிள்ள கருப்பாப் பொறக்கும் தாயி. பக்கத்து வீட்டு மல்லிகாவுக்கு அப்படித்தான ஆச்சு?"

மல்லிகாவின் புருஷன் அட்டைக் கருப்பு. அதை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை!

கடைசியில் மாமியாரே ஒரு தீர்ப்புச் சொன்னார். "சரி, டாக்டரம்மா சொல்லிட்டாங்க, போட்டுக்க. ஆனா குங்குமப்பூப் பாலோடதான் போடணும். அது கருப்பாக்குனா இது வெளுப்பாக்கும். சரிக்குச் சரியாப் போயிரும்."

என்ன ஒரு கண்டுபிடிப்பு…

தினமும் காலையில் டம்ளரோடு என் முன்னால் வந்து நிற்பார். கடைசிச் சொட்டு இறங்கும் வரை நகர மாட்டார்.

இதுபோக மாமியாரும் அக்கம்பக்கத்தாரும் போட்ட சட்டங்கள் தனி. கடை வாசலில் ஆயக்குடி கொய்யா கூடை கூடையாக வந்து இறங்கும். வாசனை ஆளை இழுக்கும். வாங்கி வந்தால், "சளி பிடிச்சுக்கிரும்." அப்பா நத்தத்திலிருந்து கொண்டுவந்த மாங்காயா, "சூடு." ராத்திரிச் சோற்றுக்குக் கீரை வெஞ்சனமா, "செரிக்காது." நடந்தால், "ஏன் புள்ள இப்படி அலையுற?" உட்கார்ந்தால், "இப்படியே உக்காந்திருந்தா பிள்ள எப்படி எறங்கும்?"

வயிறு என்னுடையது. பேச்சு மட்டும் தெரு முழுக்க.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "அம்மா நல்லதுக்குத்தான சொல்லுது" என்று டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த ரிமோட்டைப் பிடுங்கி மண்டையில் போடலாமா என்று வரும்.

ஏழாம் மாதம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கொஞ்சம்கூட ஏறவில்லை. டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரைய முழுங்குறியா, இல்ல ஜன்னல் வழியா எறியுறியா? பிரசவத்துல ரத்தம் அதிகமாப் போச்சுன்னா உன் உடம்பு தாங்காதும்மா. உசுருக்கே ஆபத்து."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் தப்பாமல் குமட்டிக் குமட்டி விழுங்கியவள் நான்!

பக்கத்தில் இருந்த மாமியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எறியல டாக்டரம்மா. எங்கையாலதான் குடுக்குறேன். அதுவும் வெறும் தண்ணியிலயா? குங்குமப்பூப் போட்ட பால்ல!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, பாலோட போட்டா இரும்பு எப்படி உடம்புல ஒட்டும்? பாலை வேற நேரத்துல குடுங்க. மாத்திரைய எலுமிச்சம்பழத் தண்ணியோட போடச் சொல்லுங்க. கொய்யாப்பழம் தாராளமாச் சாப்பிடட்டும்."

மாமியார் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி…

"அப்ப கலரு?"

நான் செத்தால்கூடப் பரவாயில்லையா? பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன்? அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

ஆனாலும் மறுநாளிலிருந்து டம்ளரில் எலுமிச்சம்பழத் தண்ணீர் வந்தது. முகத்தை ஏழு முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டுதான், ஆனால் வந்தது. கொய்யாவும் வந்தது. ரத்தமும் ஏறியது. யாமினி சுகப்பிரசவத்தில் பிறந்தாள். எனக்கும் ஒரு குறையும் இல்லை.

பிள்ளையைக் கையில் வாங்கிய மாமியார் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "கருப்புத்தான்" என்றார். என் மகளைப் பற்றி இந்த உலகத்தில் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அது.

அதோடு விட்டாரா? எந்த விசேஷமானாலும், யார் வந்தாலும் அதே பாட்டு. "பாலோடவே குடுத்திருந்தா யாமினி கொஞ்சம் கலரா வந்திருக்கும். எல்லாம் அந்த எலுமிச்சம்பழத்தால வந்த வினை." இவர் மட்டும் என்ன ரோஜாப்பூ நிறமா? யாமினி இவரை உரித்து வைத்த மாதிரி இருக்கிறாள்!

போன வாரம் என் நாத்தனார் மகள் நிவேதா வந்திருந்தாள். பெங்களூரில் ஐடி வேலை, இப்போது மாசமாக இருக்கிறாள். தண்ணீர் குடிக்க ஒரு ஆப், நடந்ததை எண்ண கையில் ஒரு வாட்ச்… அப்பாடா, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். ஹேண்ட்பேக்கில் பார்த்தால் இரும்பு மாத்திரை, பிரிக்காத அட்டை.

"அத்தை, ஒரு வீடியோல பார்த்தேன். இதப் போட்டா பேபி டார்க்காப் பொறக்குமாம். அதான் விட்டுட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். அம்புட்டுப் படிப்பு படித்து என்ன புண்ணியம்?

மாமியாருக்கோ ஒரே சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன்ல? இந்தா, யாமினியவே பாரேன்!"

யாமினி அங்கேதான் உட்கார்ந்து கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தாள். ப்ளஸ் டூ படிக்கிறாள். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். கத்தியைக் கீழே வைத்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன்.

தட்டை நிவேதா பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்:

"மதினி, நீங்க நல்லா இருக்கணும். மாத்திரையப் போடுங்க. பிள்ள கருப்பாப் பொறந்தா எங்கிட்டக் குடுத்துருங்க, நான் வளத்துக்கிறேன்."

மாமியார் சேலை முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். நிவேதா தலையைக் குனிந்துகொண்டு அட்டையைப் பிரித்தாள்.

அந்தக் காலத்தில் எனக்காக இப்படி ஒரு வார்த்தை சொல்ல இந்த வீட்டில் ஒரு ஆள்கூட இல்லையே என்று எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறேன்…

இருந்திருக்கிறாள். வயிற்றுக்குள் இருந்திருக்கிறாள்.