துண்டு கொடுக்கும் நேரம்

அந்த இருபது நிமிடம் பொய். அதை உருவாக்கியவன் நான்.

கண்டிக்கு வெளியே ஒரு சிறிய அரச வைத்தியசாலை. ஒரே ஒரு டொக்டர். நகர அலுவலகத்திலிருந்து அதன் திட்டமிடல் வேலையைப் பார்ப்பவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன், இனிச் செயலாற்றுகையைப் பார்த்தே நிதி ஒதுக்குவோம் என்று மேலிடம் அறிவித்தது. நோயாளி இலக்கத் துண்டு பெற்றதிலிருந்து டொக்டரைக் காணும்வரை எத்தனை நிமிடம்? அதுதான் எங்களுக்கான அளவுகோல். குறைந்தால் படிவத்தில் பச்சை. கூடினால் சிவப்பு.

எங்களுடையது மூன்று மணித்தியாலம்...

சிவப்பைக் கண்டால் இருப்பதையும் வெட்டிவிடுவார்களோ? சந்தேகித்தேன். துண்டு கொடுக்கும் சிற்றூழியர் சரோஜாவிடம் சொன்னேன்: "இனி விடியவே துண்டு குடுக்காதேங்கோ. உள்ளுக்கு ஆக்கள் இருக்கிற வாங்கு காலியானாப் பிறகு, பத்துப் பத்துப் பேராக் குடுங்கோ."

"அப்ப துண்டு இல்லாதவங்க காத்திருக்கலயா, சேர்?"

கேள்வியா, கேலியா?

அடுத்த காலாண்டில் இருபது நிமிடம். பச்சை! பாராட்டுக் கடிதமும் வந்தது. எழுதியவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் எழுதினாரா? அவர்களுக்கு வேண்டியிருந்தது குறைந்த காத்திருப்பா, குறைந்த எண்ணா? இப்படிக் கேட்டு உங்கள் பார்வையை அவர்கள் பக்கம் திருப்புகிறேனோ... என்னை நம்பாதீர்கள்.

ஒருநாள் அங்கே போயிருந்தேன். மடுல்கெல்லையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு தாய், மூச்சிழுப்பு வந்த பிள்ளையைத் தோளில் போட்டபடி வாசலில் மழையில் நின்றாள். படிவத்தின்படி அவள் இன்னும் வரவே இல்லை.

ஆண்டிறுதி ஒதுக்கீட்டுக் கூட்டத்தில் இரண்டாவது டொக்டர் கேட்டு நானே கோரிக்கை வைத்தேன். பணிப்பாளர் படிவத்தை விரலால் தட்டினார்.

"இருபது நிமிஷம் எண்டு நீர்தானே ஐசே எழுதினனீர்? பிறகென்னத்துக்கு இன்னொரு டொக்டர்? மாறி மாறி நித்திரை கொள்ளவோ?"

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு கணம் கிடைத்தது. அந்தக் கணத்தில் நானும் சிரித்தேன்! கோரிக்கை நீக்கப்பட்டது.

இன்றும் அங்கே ஒரே டொக்டர்தான். அந்தத் தாய் மறுபடி வந்தாளா, அந்தப் பிள்ளை... நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.

நேற்றுக் காலை சரோஜா தொலைபேசியில் கேட்டார்: "இந்தக் காலாண்டுக்கும் இருபதுதானே போடணும், சேர்? இங்க ரோட்டு வரைக்கும் நிக்கிறாங்க."

அவர் குரலுக்குப் பின்னால் யாரோ ஒரு குழந்தை விடாமல் இருமியது.

"ஓம்" என்றேன்.