ஒரே தாய்மரத்துக் காய்

குழாயடியில் முழங்கை வரை சோப்பு நுரையோடு நிற்கிறார் பாலுசாமி. அவர் கை கழுவத் தொடங்கினால் நாம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். தென்னங்கன்று வாங்க வந்தவர்கள் முணுமுணுக்காமல் காத்திருக்கிறார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் அவர் நாற்றங்காலுக்கு அப்படியொரு பெயர்.

"எந்தத் தாய்மரத்துக் காய்னு கேட்டு வாங்கோணுங்க. ஒரே மரத்துக் காய்னா ஒண்ணுபோல வருமுங்க" என்பார், கேட்காதவரிடமும்.

பேசும்போது துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார். மரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன். இதுவும் அந்தக் கை கழுவலும், மகன் சசிதர் நோயில் கிடந்தபோது அவனுக்குக் கிருமி தொற்றக்கூடாதென்று ஒட்டிக்கொண்ட பழக்கமாம். கோயமுத்தூர் டாக்டர் சொன்னதைத் தன் தொழிலை வைத்துத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்: "எலும்புக்குள்ள மஜ்ஜைனு ஒரு நாத்தங்கால் இருக்குதுங்க. கிருமியோட சண்டை போடற அணுவெல்லாம் அங்கதானுங்க மொளைக்குது. எம்பையனுக்கு அது காஞ்சுபோச்சு. பொருந்தற ஆளோடதை எடுத்து வெக்கோணும்னாங்க."

கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கோபிசெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் அக்ஷிதா இருந்தாள். ஆனால் இங்கே கல்யாணமான பெண் புருஷனுடைய குலத்தில் சேர்த்தி. குலத்தைக் கூட்டம் என்பார்கள். "கட்டிக் குடுத்த புள்ளைங்க. வேற கூட்டம் ஆயிப்போச்சு. சம்பந்தி ஊட்டுல போயி, உங்க மருமக இடுப்பெலும்புல ஊசி போடறோம்னு எப்படிங்க கேக்கறது?"

மகளிடம் சாதாக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, குலதெய்வக் கோயில் பங்காளிகளை வேன் பிடித்து அழைத்துப் போனார். ஒரே கூட்டம், ஒரே ரத்தம் என்ற நம்பிக்கை. நல்ல மனிதர்கள், முகம் சுளிக்காமல் கையை நீட்டினார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை.

ஏதோ கல்யாண வீட்டில் யாரோ சொல்லித்தான் அக்ஷிதாவுக்கு விஷயம் தெரிந்தது. அப்படியே பஸ் ஏறி வந்தாள். அவளுடையது முழுக்கப் பொருந்தியது. அதற்குள் சசிதரின் நுரையீரலில் கிருமி இறங்கிவிட்டது. மஜ்ஜை மாற்றும் நாள் வரவே இல்லை.

இதைக் கேட்டபோது எனக்கு அந்த மனிதர்மேல் கோபம்தான் வந்தது. முகத்தைப் பார்த்தேன், அதுவும் போய்விட்டது.

"'என்னைய ஏம்ப்பா கேக்கல'னு ஒருக்காத்தானுங்க கேட்டா."

நான் கன்றுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்ஷிதாவே வந்து இறங்கினாள். "வா அம்மணி" என்றவர் நேரே குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து மகளின் கையைப் பிடித்தார். அன்று பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த முழங்கை மடிப்பை, ஊசித் தடம் எப்போதோ மறைந்துபோன அந்த இடத்தை, கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார்.