விசில் அடிக்காத குக்கர்

செல்வமேரிக்குப் பொய் வராது. பொன்மலையில் அவள் குடியிருக்கும் தெருவுக்கே தெரிந்த விஷயம் இது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ஆயா வேலை. நோயாளி யாராவது "பிழைச்சிடுவேனா" என்று கேட்டால் "டாக்டரைக் கேளுங்க" என்பாளே தவிர, சும்மாவாவது ஆமாம் என்று சொல்ல வாய் வராது. இந்த வாயை வைத்துக்கொண்டு சம்பந்தி உறவை எப்படிக் காப்பாற்றப் போகிறாள் என்று பக்கத்து வீட்டு ஜீனத் கவலைப்பட்டதில் தப்பில்லை.

மகன் அஜித் காதலித்துக் கட்டியவள் வைஷ்ணவி, மண்ணச்சநல்லூர் விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு அவள் பக்கத்திலிருந்து ஈ காக்கை வரவில்லை. மருமகள் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து செல்வமேரி மாட்டுக்கறி சமைப்பதை நிறுத்திவிட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் நிறுத்தினாள். ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஆனால் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே.

அந்த வாரம் மகனும் மருமகளும் சென்னைக்குப் போயிருந்தார்கள். குவைத்திலிருந்து தங்கை அனுப்பிய ஸ்லோ குக்கர் பரணில் கிடந்தது. பார்வைக்கு ரைஸ் குக்கர்தான். விசிலும் கிடையாது, அவசரமும் கிடையாது; லேசான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும். விடியற்காலை டியூட்டிக்குக் கிளம்புமுன் அதை இறக்கி ஒரு கிலோ கறியை முழுசாகப் போட்டு, மிளகு, சோம்பு, வரமிளகாய், பூண்டு எல்லாம் இடித்துப் பிசறி, சின்ன வெங்காயத்தைக் கொட்டி மூடினாள். பக்கத்திலேயே சோறும் வடித்து வைத்தாள். மத்தியானத்துக்குள் கறி கரண்டி பட்டதும் நார் நாராக உதிரும் பதத்துக்கு வந்துவிடும். எலும்பும் இருக்காது, துண்டும் இருக்காது. எந்தக் கறி என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இரண்டரை மணிக்குத் திரும்பியபோது வாசலில் தெரியாத செருப்பு கிடந்தது. உள்ளே வைஷ்ணவியின் அம்மா அமிர்தம் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஒரு சிப்பம் அரிசி.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டேன் சம்பந்தி. அவருக்குத் தெரிஞ்சா விடமாட்டாரு. பக்கத்து வீட்டம்மாதான் சாவி குடுத்தாங்க. பசி வேற. சோறுன்னு குக்கரைத் திறந்தா கறி. ஆட்டுக்கறிய இவ்வளவு பூவா யாரு வேக வைப்பா? ரெண்டு வாட்டி போட்டுக்கிட்டேன்."

செல்வமேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த அம்மாள் வீட்டில் இரண்டு பசு. அதில் ஒன்று சினையாக இருந்தபோது இவள் ராத்திரியெல்லாம் கொட்டகையிலேயே படுத்தாள் என்று வைஷ்ணவி சொல்லியிருக்கிறாள். ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் மனசு இறங்கி வாசல் மிதித்திருக்கிறாள். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? வாழ்க்கையில் முதல் தடவையாக செல்வமேரி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அமிர்தம் கட்டைப்பையிலிருந்து ஒரு தூக்கை எடுத்து நீட்டினாள். "அவருக்கும் கொஞ்சம் போட்டுக் குடுங்க. கறிய கோயில்ல குடுத்தாங்கன்னு சொல்ல முடியுமா? சம்பந்தி வீட்டுதுன்னே சொல்லிடறேன். இதத் தின்னா அந்த மனுஷன் கோவமெல்லாம் இறங்கிடும்."

செல்வமேரி தூக்கை வாங்கித் தரையில் வைத்தாள்.

"சம்பந்தி, அது ஆட்டுக்கறி இல்லைங்க. மாட்டுக்கறி."

அமிர்தம் தட்டைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போனாள். கொப்பளிக்கும் சத்தம் வெகுநேரம் நிற்கவில்லை.

முகமெல்லாம் ஈரமாகத் திரும்பி வந்த அமிர்தம் ஒன்றுதான் கேட்டாள். "எம் பொண்ணு?"

"ஒரு நாளும் குடுத்ததில்லைங்க. அவ வந்ததுலேருந்து இந்த வீட்ல இது வேகல. இன்னைக்குத்தான், அவ இல்லைன்னு."

அமிர்தம் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. செல்வமேரிக்கு அதுதான் நெஞ்சில் அடித்தது. மருமகளுக்கு என்ன பதில் சொல்வது? அழுகைகூட வரவில்லை. பஸ் இந்நேரம் ஸ்ரீரங்கம் தாண்டியிருக்கும், கொள்ளிடம் பாலம் ஏறியிருக்கும், டோல்கேட் வந்திருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கணக்குப் போட்டாள். குக்கர் பக்கம் அவள் போகவேயில்லை.

ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது.

"வந்து சேந்துட்டேன். தலைக்குக் குளிச்சிட்டேன்."

"சம்பந்தி..."

"எதுவும் சொல்லாதீங்க. வாயில வெச்ச ருசி இன்னும் போகல, அதுதான் எனக்கு ஆத்திரமா வருது." கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டது. "அடுத்த வாட்டி ஃபோன் பண்ணிட்டு வரேன்."