எதிர்தரப்புக்கு ஒரு நகல்

பாளையங்கோட்டையில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவளுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. நான் பள்ளியை விட்டு வந்த முதல் மாதமே தெருக்காரர்கள் காகிதங்களோடு வாசலில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். துபாய் கம்பெனியின் ஒப்பந்தம், கப்பலில் வேலை பார்க்கும் மகனின் இன்சூரன்ஸ், வெளிநாட்டு மாப்பிள்ளையின் சம்பளச் சான்று. எரிந்து விழுவேன் என்று தெரிந்துதான் வருவார்கள். நானும் எரிந்து விழுந்துவிட்டுப் படித்துச் சொல்வேன்.

அவளும் அப்படித்தான் வந்தாள். ஆற்றுக்குத் தெற்கே அகதி முகாமில் இருப்பவள். போர் முடிந்த பிறகு கடல் தாண்டி வந்து, இங்கே பீடி சுற்றிப் பிழைப்பவள். கையில் கலெக்டர் அலுவலகத்து வாசலில் மனு எழுதும் அண்ணாச்சி எழுதிக்கொடுத்த மனு இருந்தது. இதை ஆங்கிலத்தில் மாற்றித் தர வேண்டும் என்றாள். யாருக்கு என்று கேட்டேன். உலக நாடுகள் சேர்ந்து ஐரோப்பாவில் வைத்திருக்கும் குற்றவியல் நீதிமன்றத்துக்கு என்றாள். ரேஷன் கடையில் சர்க்கரை போடவில்லை என்று புகார் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

அவளுடைய கணவர் போரின் கடைசி நாளில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு சீருடைக்காரர்களிடம் போனார். பெயரை எழுதிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு ஆளை நாங்கள் ஏற்றவே இல்லை என்றுதான் அங்கே பதில்.

அண்ணாச்சியின் மனு ‘மாண்புமிகு உலக நீதிபதி அய்யா அவர்கள் சமூகத்துக்கு’ என்று ஆரம்பித்தது. திங்கட்கிழமை தோறும் தீக்குளிக்க மண்ணெண்ணெய் கேன் கொண்டுவந்திருக்கிறார்களா என்று பையைத் துழாவும் போலீஸைத் தாண்டி வரிசையில் நிற்பவர்களுக்கு எழுதி எழுதிப் பழகிய கை அது. அழுத்தமாக இருக்கட்டும் என்று, பஸ்ஸில் ஏற்றியதை இவளே கண்ணால் கண்டதாக எழுதியிருந்தார். முக்கியமான பெயர்களுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. அதிகாரிகள் எதையும் முழுசாகப் படிப்பதில்லை, சிவப்பு இருக்கிற இடத்தைத்தான் பார்ப்பார்கள் என்பது அவர் கட்சி.

“நீ பார்த்தாயா?” என்று கேட்டேன்.

“இல்லை டீச்சர். நான் காயப்பட்டுக் கூடாரத்துக்குள்ள கிடந்தனான். அக்காதான் பாத்தவ.”

அக்கா இன்னும் அந்த நாட்டில்தான் இருந்தார். கணவரைக் கடைசியாகப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

நான் பேரனின் கணினியில் அந்த நீதிமன்றத்தின் விதிகளைத் தேடிப் படித்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. ஆனால் அது வழக்குப் போடுவது ஆகாது. அங்கே வழக்கு நடத்துகிற அலுவலகத்துக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். விசாரிப்பதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு. எழுதுகிறவர் தான் பார்த்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று. அந்த நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்டு சேர்ந்த நாடுகளில் நடந்ததை, அல்லது அந்த நாட்டுக்காரர்கள் செய்ததை மட்டும்தான் பொதுவாக அவர்கள் தொட முடியும். இவளுடைய நாடு சேரவே இல்லை.

இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்கள், வீண் வேலை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். மடியில் பீடித்தட்டு இல்லாவிட்டாலும் அவள் விரல்கள் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தன.

“அனுப்புங்கோ டீச்சர். அப்பிடி ஒரு ஆள் இருந்தவர், பஸ்ஸில ஏத்தினவை எண்டு உலகத்தில ஒரு இடத்திலயாவது எழுதிக் கிடக்கட்டும். எனக்கு அது காணும்.”

போனில் அக்காவிடம் பேசினோம். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அண்ணாச்சியைக் கூப்பிட்டு, கண்ணால் கண்டேன் என்பதை வெட்டிவிட்டு அக்காவின் பெயரையும் ஊரையும் போட்டுப் புதிதாக எழுதச் சொன்னேன். பெயரைப் போடலாமா என்று அக்காவிடமே கேட்டேன். போடுங்கோ, எனக்கும் வயசாகுது என்றார். அனுப்பியவர்களின் விவரத்தை வெளியே விடமாட்டோம் என்று அந்த நீதிமன்றம் சொல்லியிருந்ததை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆங்கிலத்தை நானே தட்டச்சு செய்து கணினி வழியாக அனுப்பினேன். தமிழ் மூலம் அண்ணாச்சியிடம் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

கிடைத்தது என்று அங்கிருந்து பதில் வந்தது. பிறகு நீண்ட நாள் கழித்து இன்னொன்று. நீங்கள் சொல்வது எங்கள் அதிகாரத்துக்கு வெளியே இருக்கிறது, விசாரிக்க இயலாது, புதிய தகவல் ஏதும் கிடைத்தால் மீண்டும் எழுதலாம். நான் எதிர்பார்த்ததுதான். படித்துச் சொன்னபோது அவள் அழவில்லை. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாங்கிக்கொண்டு போனாள். கணவரின் பெயர் ஆங்கிலத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள்.

அந்த மாதமே அக்காவின் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை. கையில் அண்ணாச்சியின் மனு இருந்தது. தமிழ் மனு, அக்காவின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோட்டோடு. இது நீதானா என்று கேட்டார்கள்.

நான் ஆட்டோ பிடித்துக் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனேன். அண்ணாச்சி புளியமரத்தடியில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கோ பட்டா மனு எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தள்ளிப்போட்டார். நகல் யாருக்கு அனுப்பினீர் என்று கேட்டேன். அவருக்கு என் கோபம் புரியவே இல்லை.

“கலெக்டருக்கு ஒண்ணு, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு ஒண்ணு, எதிர்தரப்புக்கு ஒண்ணு. அந்த நாட்டு அரசாங்கத்துக்குத்தான் டீச்சரம்மா. எதிர்தரப்புக்கு நகல் போவாம எந்தக் கோர்ட்டுல மனு எடுபடும்? நாளைக்கு அதச் சொல்லித் தள்ளிட்டாம்னா? பாவம், இந்தப் புள்ளைக்கு ஒரு கொறையும் வந்துரக் கூடாதுன்னுல்லா செஞ்சேன்.”

பதிவுத் தபால் செலவைக்கூட அவர் அவளிடம் வாங்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். காலமெல்லாம் அவர் எழுதிய வேலித் தகராறுகளிலும் பாகப்பிரிவினைகளிலும் எதிர்தரப்பு என்பது பக்கத்து வீட்டுக்காரன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பலகை மேல் வைத்தார். பட்டாவுக்கு வந்தவர் தன் மனு எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குத் தான் அந்த இடத்தில் இல்லவே இல்லை, எதையும் பார்க்கவில்லை என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பவும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இனி எனக்குப் போன் எடுக்காதே என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டார். யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது முதுமையில் உடம்புக்கு ஆகாது.

அடுத்த திங்கட்கிழமை அவள் வந்தாள். அந்தக் கோர்ட்டுக்கு இன்னொன்று எழுத வேண்டும் என்றாள்.

“அக்கா ஒண்டும் பாக்கேல்ல எண்டு எழுதுங்கோ டீச்சர். நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு.”

அப்படியென்றால் உன் கணவரைப் பஸ்ஸில் ஏற்றியதை யார்தான் பார்த்தார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஒருத்தரும் பாக்கேல்ல. அப்பிடியே எழுதுங்கோ.”

எழுதினேன். அவர்கள் கேட்ட புதிய தகவல் இதுதான். என் தமக்கை அங்கே இருக்கவில்லை, அவர் எதையும் காணவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை. அனுப்பி முடித்ததும் கிளம்புவாள் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. இதைத் தமிழிலும் எழுத வேண்டும், அண்ணாச்சியிடம் போகலாம் என்றாள்.

அவர் எழுத மாட்டேன் என்று கையை எடுத்துக் கும்பிட்டார். அவள் விடவில்லை. கடைசியில் எழுதினார். அவர் வழக்கமாகப் போடும் அலங்காரம் எதுவும் இல்லை, இரண்டே வரி. கீழே நகல் என்று போடாமல் நிறுத்தினார். எதிர்தரப்புக்கு ஒரு நகல் போடுங்கோ, அவைக்குக் கட்டாயம் போக வேணும் என்று அவள் சொன்னாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஆற்றுப் பாலத்தைப் பார்த்தேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, கோடு போடணுமா தாயி என்று கேட்டார். ஓம், போடுங்கோ என்றாள். அக்காவின் பெயருக்குக் கீழே கோடு போட்டார்.