பூஜையில் வைத்த ஸ்கேட்

ஐஸ் ஹாக்கி ஆடுறேன்னு சொன்னா எங்க ஊர்ல முதல்ல சிரிப்பாங்க. "ஆரணியில ஐஸ் எங்கம்மா கீது, மீன் பெட்டியிலயா?"ன்னு டவுன் பஸ்ல ஒருத்தர் கேட்டாரு. கேட்டுட்டு சேவூர் வரைக்கும் சிரிச்சிகினே வந்தாரு. நான் வாயை மூடிகினு வர்ற ஆள் இல்லை. "ஆமாங்க, பெட்டியில இன்னும் இடம் கீது, உங்களையும் வச்சி மூடிடலாம் வாங்க"ன்னேன். அப்புறம்தான் அடங்கினாரு.

பள்ளிக்கூடத்துல சக்கரம் வச்ச ஷூவுல ஆரம்பிச்சது. சென்னையில காலேஜ் படிக்கும்போது அதே சக்கரத்துல ஹாக்கி. அப்புறம் குளிர்காலத்துக்கு குளிர்காலம் லடாக். உறைஞ்ச குளத்து மேல முதல் தடவை நின்னப்போ காலு ரெண்டும் கிடுகிடுன்னு ஆடிச்சு. அங்க இருந்த பொண்ணுங்க நடை பழகினதே ஐஸ் மேலதான். நான் வெயில்ல வெந்த ஊர்க்காரி. விழுந்து, மூக்குல ரத்தம் வந்து, எழுந்து, மறுபடி விழுந்து, எப்படியோ இந்தியா கேம்ப் வரைக்கும் போயிட்டேன்.

ஆனா இங்க இந்த ஆட்டத்தை நம்பி சோறு தின்ன முடியாது. ஆட்டம் இல்லாத மாசமெல்லாம் சென்னையில ஒரு ஜிம்ல பொம்பளைங்களுக்கு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்துகினு இருந்தேன். அப்பதான் அந்தச் சேதி வந்துச்சு. சம்பளம் குடுத்து ஆடவைக்கிற ஒரு வெளிநாட்டு டீம், நம்ம நாட்டுல இருந்து ஒரே ஒரு பொண்ணை எடுக்கப்போறாங்க. அவங்க ஆளுங்க ரெண்டு பேரு வடக்கே இருக்கிற ஐஸ் அரங்கத்துக்கு வர்றாங்க. ஒரு நாள்தான் இருப்பாங்க. அவங்க பாத்த வீடியோவுல என்னோடதும் ஒண்ணு. "நீ வந்து ஒழுங்கா ஆடு, போதும்"னு கோச் போன்ல சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. வேலையே ஹாக்கின்னு இருக்கிறது எப்படி இருக்கும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சிகினு கிடந்தேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தேன். ஆயுத பூஜை சமயம்.

எங்கப்பா பட்டு நெசவுக்காரர். ஆரணி முதலாளி பாவு நூலும் ஜரிகையும் குடுப்பாரு, அப்பா வீட்டுத் தறியில நெய்ஞ்சு குடுப்பாரு. ரொம்பப் பேசமாட்டாரு. ஆனா ஆயுத பூஜைன்னா எங்க தெருவுல எந்த ஆம்பளையும் சும்மா உக்காரமாட்டான். வீட்டுல இருக்கிற தொழில் சாமானெல்லாம் கழுவி, துடைச்சு, சாணை பிடிக்க வேண்டியதைச் சாணை பிடிச்சு, தேஞ்சதைச் சரிபண்ணித்தான் சாமி முன்னாடி வைப்பாங்க. பழுதான சாமானைப் பூஜையில வைக்கக் கூடாதுன்னு அப்பா கறாரா இருப்பாரு.

பூஜையன்னிக்குப் பாத்தா, வரிசையில நாடா இருக்கு. குறுக்கே ஓடுற ஊடை நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோற கட்டைதான் நாடா. அது பக்கத்துல கத்தரி, அம்மாவோட அருவாமனை. அருவாமனை பக்கத்துல என் ஐஸ் ஸ்கேட் ரெண்டும். ஷூ மேல சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. பிளேடுக்குப் போடுற ரப்பர் உறை போட்டபடியே இருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவரு தொழிலுக்குப் பக்கத்துல என் தொழிலை வச்சிட்டாரே மனுஷன்! போட்டோ எடுத்து டீம் பொண்ணுங்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

மறுநாள் சந்தனத்தைத் துடைச்சு பையில வச்சிகினு காட்பாடியில ரயில் ஏறிட்டேன். முந்தின கேம்ப்லயே மெஷின்ல போட்டு பிளேடைச் சரிபண்ணி வாங்கியிருந்தேன். அதனால உறையைக் கழட்டிப் பாக்கணும்னு தோணவே இல்லை.

கழட்டினது அரங்கத்துல, ஐஸ்ல இறங்கும்போது. அந்த வெளிநாட்டுக்காரங்க ரெண்டு பேரும் எதிர்ல உக்காந்துகினு இருக்காங்க. பிளேடு பளபளன்னு மின்னுது. திருப்பிப் பாத்தேன்.

ஐஸ் ஸ்கேட்டோட பிளேடு கத்தி மாதிரி கிடையாது. அடியில நீளத்துக்கும் ஒரு சின்னப் பள்ளம் ஓடும். பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விளிம்பு. அந்த விளிம்புதான் ஐஸைப் பிடிக்கும். என் பிளேடுல பள்ளமும் இல்லை, விளிம்பும் இல்லை. அருவாமனை மாதிரி நடுவுல ஒரே கூர்.

அரங்கத்து மெஷின்காரர் கையில வாங்கிப் பாத்துட்டு, இரும்பு ரொம்பப் போயிடுச்சு, இதை வச்சி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு. நான் வெளிய ஓடி வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். "என் பிளேடை இன்னாப்பா பண்ணின?"

"சாணை பிடிச்சேன் கண்ணு. மார்க்கெட்டாண்ட குடுத்து, நல்லா நின்னு பாத்துத்தான் வாங்கியாந்தேன். ஏம்மா?"

"யாரைக் கேட்டுப் பண்ண? யாரைக் கேட்ட?" நான் போட்ட கத்துல வழியில போனவங்க நின்னு பாத்தாங்க.

அப்பா சொன்னாரு. "நடுவுல பள்ளம் விழுந்திருந்துச்சும்மா. நூல் ஓடி ஓடி நாடாவுல விழுமே, அப்பிடி. புள்ள ஓடி ஓடித் தேஞ்சிபோச்சுன்னு நெனச்சேன். பள்ளத்தை எடுத்துட்டு நல்லா கூர் போட்டுக் குடுன்னு நான்தான் சொன்னேன்."

நான் போனை வச்சிட்டேன்.

லடாக் பொண்ணு ஒருத்தி அவ ஷூவைக் கழட்டிக் குடுத்தா. என் காலுக்கு ஒரு சைஸ் பெருசு. ரெண்டு சாக்ஸ் போட்டு இறுக்கிக் கட்டிகினு இறங்கினேன். அன்னிக்கு சாயங்காலமே அந்த வெளிநாட்டுக்காரங்க கிளம்புறாங்க, நான் இன்னா பண்ணட்டும்? கொஞ்ச நேரம் நல்லாவே ஆடினேன். ஒரு கோல்கூடப் போட்டேன். அப்புறம் ஒரு திருப்பத்துல ஷூ நின்னுடுச்சு, உள்ள இருந்த என் கால் மட்டும் திரும்பிடுச்சு. முட்டிக்குள்ள டப்புன்னு சத்தம். அந்தச் சத்தத்தை நான் காதால கேட்டேன்.

வேலூர்ல ஆபரேஷன். நடக்கலாம், வண்டி ஓட்டலாம், ஐஸ் பக்கம் மட்டும் போகாதேன்னுட்டாங்க. அந்த வெளிநாட்டு டீமுக்கு மணாலிப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி போனா. வாழ்த்து அனுப்பினேன். வயிறு எரிஞ்சிகினேதான் அனுப்பினேன், பொய் சொல்லமாட்டேன்.

இப்ப ஆரணியில ஒரு பட்டுச்சேலைக் கடையில, போன்ல வர்ற ஆர்டரைப் பாத்துக்கிறேன். நாற்காலியில உக்காந்து பாக்குற வேலை. ஸ்கேட் பரண் மேல கிடக்கு. நானும் அப்பாவும் அதைப் பத்திப் பேசினதே இல்லை. அதுக்கப்புறம் வந்த ஆயுத பூஜைக்கு அவரு சாமானெல்லாம் கழுவினாரு, சந்தனம் வச்சாரு. எதையும் சாணைக்குக் கொண்டுபோகலை. அதுக்கு அடுத்த வருஷமும் அப்படித்தான். "இந்தக் கத்தியில தக்காளிகூட நசுங்குது, பேஜாரு"ன்னு அம்மா கத்துறாங்க. அவரு காதுல போட்டுக்கிறதே இல்லை.

போன மாசம் வீட்டுல தறிச் சத்தம் அடிக்கடி நின்னுச்சு. ஊடை நூல் அறுந்துகினே இருக்கு. அறுந்ததை முடிச்சு போட்டு முடிச்சு போட்டே நாலு நாள் ஓட்டினாரு. சேலையில முடிச்சு தெரியுதுன்னு முதலாளி வேற சத்தம் போட்டுட்டாரு. எனக்குத் தாங்கலை. "இன்னாப்பா, நாடாவைப் பாக்க வேண்டியதுதானே!"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

அவரு தறியை விட்டு எழுந்து, நாடாவை எடுத்துகினு நான் உக்காந்திருந்த நாற்காலிக்கிட்ட வந்தாரு. நூல் வெளிய வர்ற ஓட்டையோட விளிம்புல, நகம் பதியுற அளவுக்கு ஒரு பள்ளம். சின்ன வயசுல இருந்து இந்த மாதிரி எத்தனை பள்ளத்தைத் தேய்ச்சு எடுத்திருப்பாரு. கண்ணை மூடிகினு செய்வாரு.

"கண்ணு, நீ ஒரு தபா பாத்து சொல்லேன்"னாரு. "இது தேஞ்சதுதானா? இல்லை, இப்பிடித்தான் இருக்கணுமா?"

எனக்கு அப்படியே அவரைக் கட்டிப் புடிச்சிகினு ஓன்னு அழணும்போல இருந்துச்சு. "தேஞ்சதுதான்ப்பா"ன்னு மட்டும் சொன்னேன்.

சரின்னு தலையாட்டினாரு. சட்டைப் பையில இருந்து உப்புத்தாளை எடுத்து என் கையில குடுத்தாரு. நான் கீழே உக்காந்து, முழுசா மடங்காத காலை நீட்டி வச்சிகினு, நாடாவைத் தேய்க்க ஆரம்பிச்சேன். அவரு ரெண்டு கையையும் பின்னால கட்டிகினு பக்கத்துல நின்னாரு.