சன்ஸ்கிரீன் பூசாதவர் கோட்டுக்கு வெளியே

மலேசியாவில், சுங்கை வே தொழிற்சாலையில் நான் வேலை செய்த நாட்களில் எங்கள் பெண்கள் ஹாக்கி அணிக்கு ஒரு கோச் இருந்தார். நெட்டையான பெண்மணி, தோல் உரிந்த மூக்கு, கழுத்தில் விசில். ஆட்டத்துக்கு முன் திடல் ஓரக் கோட்டில் சன்ஸ்கிரீன் டப்பாவோடு நிற்பார். பூசாத முகம் எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. எங்கள் எல்லோருக்கும் பூசி முடித்த பிறகுதான் தமக்குப் பூசிக்கொள்வார்.

இறுதியாட்டத்தன்று நான் மறுத்தேன். தொழிற்சாலையே திரண்டு வந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் வெள்ளை மூஞ்சியோடு ஓட எனக்கு மனமில்லை.

“நானே கறுப்பு, கோச். எனக்கு எதுக்கு லா?”

“கறுப்புன்னா வெயில் சுடாதா? அப்ப உக்காரு.”

அணியில் அதிகம் கோல் அடிப்பவள் நான். என்னையே உட்கார வைத்துவிட்டார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. ஐந்து நிமிடம்தான் பாக்கி. பெஞ்சில் இருப்புக் கொள்ளவில்லை. ஓடிப்போய் டப்பாவைப் பிடுங்கி, மிச்சமிருந்ததையெல்லாம் வழித்து முகத்தில் அப்பிக்கொண்டேன். உடனே உள்ளே அனுப்பினார். கிரீம் கண்ணில் இறங்கி எரிய எரிய ஓடினேன், மட்டையை வீசினேன். கூட்டம் கத்தியபோதுதான் கோல் என்று தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் கோச்சைத் தூக்கிச் சுற்ற ஓடினோம். அவர் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“உள்ள வாங்க கோச்.”

“எப்படி வர்றது? நீதான் டப்பாவக் காலி பண்ணிட்டியே.”

விளையாட்டுக்குத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் சிரிப்பில்லை. நான் என் கன்னத்தை அவர் கன்னத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். அதன் பிறகுதான் கோட்டைத் தாண்டினார்.